சீக்கோ 6309: பழைய டைவர் வாட்சோடு ஏழு வருடம்

இந்த ஏழு வருடத்தில் என் சீக்கோ 6309-7040 (தண்ணீருக்கடியில் மூழ்குபவர்களுக்கென்று செய்த ஜப்பானிய டைவர் வாட்ச்) மூன்று முறை திறக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை முழு சர்வீஸ். இரண்டாவது, கண்ணாடிக்குள் ஆவி படிந்த அன்று. மூன்றாவது, சென்ற வருடம் மறுபடியும் எண்ணெய் மாற்ற. மற்ற நாள்களில் பெரும்பாலும் என் இடது கையில்தான் இருந்தது. பழைய டைவர் வாட்ச் வாங்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் 'ஓடுமா?' என்று கேட்கிறார்கள். இந்த மாடலைப் பொறுத்தவரை அது பெரிய கவலையே இல்லை. தண்ணீர் தாங்குமா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல எனக்கே சில வருடங்கள் ஆயின.

சீக்கோவின் முதல் டைவர் வாட்ச் 1965-ல் வந்தது, 150 மீட்டர் ஆழத்துக்கென்று. அதே 150 மீட்டரைப் பின்மூடியில் பொறித்துக்கொண்டு 1976 முதல் 1988 வரை வந்தது இந்த 6309-7040. இரண்டு பக்கமும் புடைத்து ஆமை ஓடு போல் இருக்கும் கேஸ், அதாவது வெளிக்கூடு. அதனால் இதற்கு 'டர்ட்டில்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. முள்ளைத் திருப்பும் சாவி மூன்று மணிக்கு நேராக இல்லாமல் நான்கு மணிக்கு நேராக, கேஸின் புடைப்புக்குள் பாதி ஒளிந்திருக்கும். கையை மடக்கினாலும் புறங்கையில் குத்தாது. உள்ளே 17 கல் (அச்சுகள் தேயாமல் சுழலப் பதிக்கும் சின்னக் கற்கள்), மணிக்கு 21,600 துடிப்பு கொண்ட, கை அசைவிலேயே முறுகும் ஆட்டோமேட்டிக். கையால் சாவி கொடுக்க முடியாது. கையில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், இல்லையென்றால் நாலு ஆட்டு ஆட்ட வேண்டும்.

நல்லதாக ஒன்று கிடைக்க மூன்று மாதம் தேடினேன். லட்சக்கணக்கில் தயாரான மாடல்களைப் போலவே இதிலும் ஒட்டுப்போட்ட வாட்சுகள் ஏராளம். கேஸ் அசல், டயல் போலி, முள் போலி, பெசல் (கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் வளையம்) போலி. படத்தில் கருகருவென்று புத்தம் புதிதாக மின்னும் டயலைப் பார்த்தாலே நான் விலகிவிடுவேன். நாற்பது வருட டயல் அப்படி இருக்காது. ஆறு மணிக்குக் கீழே, டயலின் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அது 6309 என்று தொடங்கவில்லையென்றால் வேறு வாட்சின் டயல் அல்லது நகல். அப்புறம், முள்ளில் இருக்கும் ஒளிப்பூச்சும் டயல் புள்ளிகளின் ஒளிப்பூச்சும் ஒரே நிறத்தில் பழுத்திருக்க வேண்டும். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை கலந்த வெள்ளை என்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

பின்மூடியில் இருக்கும் வரிசை எண்ணையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கும் டிசம்பருக்கும் ஆங்கில எழுத்து. என்னுடையது 14 என்று தொடங்குகிறது. இந்த மாடல் வந்த காலத்தில் 1-ல் முடியும் வருடம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் 1981 ஏப்ரல் என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம்.

கைக்கு வந்தபோது ஸ்ட்ராப் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. பெசல் அசையவே இல்லை. ஆட்டினால் ஓடும், எட்டு மணி நேரத்தில் நின்றுவிடும். விற்றவர் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். எனக்குப் பிடித்ததும் அதுதான். யாரும் பாலிஷ் போட்டுக் கெடுக்காத கேஸ். மேற்புறத்தில் கம்பெனியில் போட்ட மெல்லிய கோடுகள் அப்படியே இருந்தன. பளபளப்பான பக்கங்கள் அந்தக் கோடுகளைச் சந்திக்கும் விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது. பழைய டைவர் வாட்சில் நான் முதலில் தேடுவது அந்த விளிம்பைத்தான்.

பெசலை நானே கழற்றினேன். சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, மெல்லிய கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பியதும் டப்பென்று மேலே வந்தது. அடியில் இருந்தது வெறும் அழுக்கு என்று சொல்ல முடியாது. வியர்வை, உப்பு, சோப்பு, துணி நூல் எல்லாம் நாற்பது வருடம் சேர்ந்து கெட்டிப்பட்ட பழுப்பு வளையம். பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை முழுவதும் போனது. பெசலுக்கு 'டிக் டிக்' என்று ஓசை கொடுக்கும் குட்டி இரும்புக் குண்டு அந்தக் குப்பைக்குள்தான் சிக்கியிருந்தது. இதைக் கழற்றும்போது வாட்சை ஒரு தட்டில் வைத்துச் செய்யுங்கள். அந்தக் குண்டு தரையில் விழுந்தால் கிடைக்காது.

மூவ்மென்டை, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தை, நான் தொடவில்லை. பழைய சீக்கோக்களை நன்றாக அறிந்த ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். பின்மூடியை அவர் திறந்தபோது பக்கத்தில் இருந்தேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் ரப்பராகவே இல்லை. தார் போலக் கறுப்பாக உருகி, இடுக்கியில் நூல் நூலாக இழுபட்டது. 150 மீட்டர் என்று பொறித்த எஃகு மூடிக்குப் பின்னால் இருந்தது இதுதான். பின்மூடியில் இருக்கும் எண் கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளுக்கான எண். இன்றைய நிலையைச் சொல்வது மூன்று ரப்பர்கள்: பின்மூடியில் ஒன்று, கண்ணாடியைச் சுற்றி ஒன்று, சாவிக்குள் ஒன்று.

மூவ்மென்டில் எண்ணெய் காய்ந்து பசையாகியிருந்தது. ரோட்டர் (கை அசைவில் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் எடைத் தட்டு) தொங்கி, பின்மூடியின் உட்புறத்தில் ஒரு வளைவான கீறல் போட்டிருந்தது. வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் களைத்துப் போயிருந்தது. எட்டு மணி நேரத்தில் நின்றதற்கு அதுவும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்துதான் காரணம். இந்த 17 கல் மூவ்மென்டில் மெயின் ஸ்பிரிங் பெட்டியின் அச்சுக்குக் கல் கிடையாது, உலோகத் தட்டின் துளையிலேயே சுழல்கிறது. எண்ணெய் இல்லாமல் ஓடினால் முதலில் தேய்வது அந்தத் துளைதான். என்னுடையது தப்பித்திருந்தது.

சீக்கோ 1959-லிருந்து பயன்படுத்தும் 'மேஜிக் லீவர்' என்ற அமைப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நகம் போன்ற இரண்டு கரங்கள், ஒரு பல்சக்கரம், அவ்வளவுதான். ரோட்டர் சுழலும்போது ஒரு கரம் இழுக்கும், மற்றது தள்ளும். எந்தப் பக்கம் ஆடினாலும் ஸ்பிரிங் ஒரே திசையில் முறுகும். இத்தனை எளிமையாக இருப்பதால்தான் கவனிப்பாரில்லாமல் கிடந்த வாட்சும் எழுந்து ஓடுகிறது.

எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, வேகமாகச் சுழலும் அச்சுகளுக்கு மெல்லிய எண்ணெயும், மெதுவாகச் சுழன்று பாரம் தாங்கும் இடங்களுக்குக் கெட்டி எண்ணெயும் இட்டு, புது மெயின் ஸ்பிரிங் போட்டார். டைம்கிராஃபரில் (வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்தபோது படுத்த நிலையில் ஒரு நாளைக்கு எட்டு வினாடி முந்தியது. இந்த வயதுக்கு மிக நல்ல கணக்கு. ஒரு தடவை நன்றாக முறுகினால் நாற்பது மணி நேரம் ஓடியது.

கேஸையும் டயலையும் என்ன செய்வது என்று அவர் கேட்டபோது பாலிஷ் போடலாமா என்ற யோசனை எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. "தம்பி, இந்தக் கோடு ஒரு தரம் போனா திரும்பப் போட என்கிட்ட மிஷின் இல்ல" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். முள்களின் ஒளிப்பூச்சு மட்டும் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்திருந்தது. ஒரு துகள் மூவ்மென்டுக்குள் விழுந்தாலே வாட்ச் நின்றுவிடும். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசாமல், முள்ளின் பின்பக்கத்தில் மெல்லிய ஒட்டுப்பூச்சு கொடுத்துப் பழையதையே பிடித்து நிறுத்தினார். இருட்டில் இப்போது எதுவும் தெரியாது. பகலில் அந்தத் தேன் நிறம் அப்படியே இருக்கிறது. எனக்கு அது போதும். (1960-களுக்கு முந்தைய வாட்ச் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றின் ஒளிப்பூச்சு ரேடியம். ஒளி செத்திருந்தாலும் கதிர்வீச்சு சாகாது, அரை ஆயுளே 1,600 வருடம். வீட்டில் திறந்து சுரண்டவே கூடாது.)

சரி, தண்ணீருக்கு வருவோம். முதல் சர்வீஸில் பின்மூடி ரப்பரும் கண்ணாடி ரப்பரும் மாறின. சாவிக்குள் இருக்கும் ரப்பர் மாறவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது என்று இருவருமே விட்டுவிட்டோம். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் கை கழுவிவிட்டு வெயிலில் நின்றபோது கண்ணாடியின் உட்புறத்தில், நான்கு மணிக்கு மேலே, கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளைப் படலம். வயிற்றைப் பிசைந்தது. அன்றே திறந்து உலர்த்தியதால் துரு பிடிக்கவில்லை. ஈரத்தைக் கண்டால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அப்போதுதான் தண்ணீர்ச் சோதனையை முதன்முதலாகப் பார்த்தேன். மூவ்மென்டை எடுத்துவிட்டு வெறும் கேஸை, பாதியளவு தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயில், தண்ணீருக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். உள்ளே காற்றை அழுத்தி ஏற்றிச் சில நிமிடம் விடுகிறார்கள். கேஸில் ஓட்டை இருந்தால் காற்று அதற்குள் புகுந்திருக்கும். பிறகு கேஸைத் தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை மெல்லக் குறைக்கிறார்கள். புகுந்த காற்று வெளியே வரும். சாவியின் அடியிலிருந்து கடுகை விடச் சிறிய குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நூல் பிடித்தது போல் ஏறின. வேறு எங்கும் ஒன்றுமில்லை. புது ரப்பரோடு வந்த முழுச் சாவியை மாற்றியதும் குழாய் அமைதியாகிவிட்டது.

அதன் பிறகு வருடம் ஒரு முறை அழுத்தச் சோதனை செய்கிறேன். அதில் தேறிய தைரியத்தில் நீச்சல் குளத்திலும் கரையோரக் கடலிலும் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். ஆழத்தில் மூழ்குவதற்கு எடுத்துப்போக மாட்டேன். இன்னொரு காரணமும் உண்டு: இறங்கிய நேரத்தைக் குறித்துவைக்க உதவும் இந்தப் பெசல் இரண்டு பக்கமும் சுழலும். தண்ணீருக்கடியில் எதிலாவது இடித்துத் தவறான பக்கம் நகர்ந்தால், இறங்கிக் கழிந்த நேரத்தைக் குறைத்துக் காட்டும். பிற்கால டைவர் வாட்சுகளின் பெசல் ஒரு பக்கம் மட்டும் சுழல்வது அதற்காகத்தான். கடலிலிருந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, பெசலை இரண்டு சுற்றுச் சுற்றி விடுகிறேன். ஈரக் கையோடு சாவியைத் திறப்பதில்லை.

தினசரி ஓட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாவியை இழுத்தால் வினாடி முள் நிற்காது. ஆனால் ஸ்பிரிங் அதிகம் முறுகாத நேரத்தில் சாவியை மிக மெல்லப் பின்பக்கம் திருப்பிப் பிடித்தால் நிற்கும். அப்படித்தான் வினாடி சரிபார்க்கிறேன். இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நான்கு வரை தேதியையோ கிழமையையோ சாவியால் மாற்றுவதில்லை. அந்த நேரத்தில் தேதி மாற்றும் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும், வலிந்து திருப்பினால் உடையும். இரவில் கழற்றி எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சில வினாடி ஏறும், இறங்கும். என்னுடையது சாவி மேலே பார்த்தபடி வைத்தால் கொஞ்சம் பிந்துகிறது. பகலில் முந்தியதை அப்படியே இரவில் ஈடுகட்டிக்கொள்கிறேன்.

சென்ற வருடத்துச் சர்வீஸில் எண்ணெய் இன்னும் ஈரமாகவே இருந்தது. தேய்மானம் எதுவும் இல்லை. ரப்பர்களை மட்டும் மூன்றையும் கேள்வி கேட்காமல் மாற்றச் சொன்னேன்.

உதிரி பாகங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இதே 6309 மூவ்மென்ட், டைவர் அல்லாத சாதாரண சீக்கோ வாட்சுகள் பலவற்றிலும் போடப்பட்டது. கண்ணாடி உடைந்து, டயல் கறுத்து, யாரும் சீண்டாத அப்படி ஒன்றை மூன்று வருடத்துக்கு முன் வாங்கினேன், சக்கரம் ஏதாவது உடைந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று. இதுவரை அதிலிருந்து ஒரு திருகாணிகூட எடுக்கத் தேவைப்படவில்லை. டைவருக்கு எண்ணெய் போட்டபோது அதற்கும் போட்டு வாங்கி வந்தேன். மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை கையில் எடுத்து நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, வினாடி முள் நகர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.