அணைக்கடியில் ஓடும் நீர்: சிமெண்ட் திரையா, சுவரா, களிமண் விரிப்பா?

1992 அக்டோபரில் இலங்கையின் சமனலவெவ அணை அசையாமல் நின்றது. வாய் திறந்தது அதன் வலக்கரை மலைதான். பலாங்கொடைக்கு அருகே வளவை ஆற்றின் குறுக்கே 110 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய அணை அது. முதலில் நீர் தேக்கிப் பார்த்தபோதே கசிவு தெரிந்ததால், மலைக்குள் சுரங்கம் குடைந்து பாறைக்குள் சிமெண்ட் பால் செலுத்தியிருந்தார்கள். அப்படியும் கரையைப் பிய்த்துக்கொண்டு விநாடிக்குச் சுமார் 7 கனமீட்டர் நீர் பீறிட்டது. உள்ளே இருந்தது நீர் கரைத்துக் குடைந்த சுண்ணாம்புப் பாறை.

இப்படிப்பட்ட இடத்தில் அணை கட்ட நினைப்பவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவதும் எல்லோரும் முதலில் நாடுவதும் சிமெண்ட் திரை: வரிசையாகத் துளைகள் போட்டு, சிமெண்ட் பாலை அழுத்தி, விரிசல்களை அடைப்பது. எவ்வளவு அடைக்க வேண்டும் என்பதைச் சொல்வது லூஜான் சோதனை. துளையின் ஒரு பகுதியை ரப்பர் அடைப்பானால் மூடி, அதற்குள் தண்ணீரை அழுத்துவார்கள். 10 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மீட்டர் நீளம் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் குடித்தால் அது ஒரு லூஜான். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, அதே படிகளில் இறக்குவார்கள். பலர் கவனிக்காமல் விடுவது இந்த இறக்கத்தைத்தான். ஏறும்போது குடித்ததைவிட இறங்கும்போது அதே அழுத்தத்தில் அதிகம் குடித்தால், விரிசலில் கிடந்த களிமண் கழுவப்பட்டுப் போகிறது என்று பொருள். அணையின் நீரும் பிறகு அதைத்தான் செய்யும்.

கருங்கல்லில் மெல்லிய விரிசல்கள் இருந்தால் சிமெண்ட் திரைக்கு ஈடு இல்லை, செலவும் குறைவு. சுண்ணாம்புப் பாறையில் கதை வேறு. துளைக்கு ஒரு முழம் தள்ளி ஒரு குகை இருந்தாலும் சோதனை "பாறை இறுக்கம்" என்றே சொல்லும். களிமண் அடைத்த பொந்துக்குள் சிமெண்ட் நுழையாது. சில ஆண்டுகளில் அந்தக் களிமண் கரைந்தால் திரையில் ஓட்டை. ஜிப்சம் இன்னும் மோசம், அது நீரில் சீக்கிரம் கரையும் கனிமம். ஈராக்கின் மோசுல் அணை டைகிரிஸ் ஆற்றில் ஜிப்சம் படிவுகள்மீது நிற்கிறது. 1980களில் நீர் தேக்கிய நாள் முதல் அங்கே சிமெண்ட் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 2014 ஆகஸ்டில் ஐஎஸ் அமைப்பு அணையைக் கைப்பற்றிச் சில நாள் வைத்திருந்தபோது உலகம் பதறியதற்கு இதுவும் ஒரு காரணம். அணைக்கு மாதச் சம்பளம் போல சிமெண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டை நான் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, பாறையையே வெட்டி இறக்கும் கான்கிரீட் சுவர். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் உல்ஃப் கிரீக் அணை இதற்குச் சரியான பாடம். அதுவும் சுண்ணாம்புப் பாறைதான். 1968 வாக்கில் நிலம் உள்வாங்கிக் குழிகள் விழுந்தன, கலங்கிய நீர் வெளியே வந்தது. அவசரத்துக்குச் சிமெண்ட் செலுத்தினார்கள். 1970களில் சுவர் இறக்கினார்கள். அந்தச் சுவர் போதிய ஆழமும் நீளமும் இல்லாததால் நீர் சுற்றிக்கொண்டு வந்தது. 2007இல் ஏரியின் மட்டத்தைக் குறைத்துவிட்டு, இன்னும் ஆழமான சுவரை 2013இல் முடித்தார்கள். செலவு கண்ணைக் கட்டும். ஆனால் பொந்து எங்கே என்று ஊகிக்க வேண்டியதில்லை. வெட்டும் கருவி வழியில் உள்ளதையெல்லாம் அறுத்துக்கொண்டு போகிறது.

மூன்றாவது, அணைக்கு முன்னால் நீர்த்தேக்கத் தரையில் களிமண் விரிப்பது. பாகிஸ்தானின் தர்பேலாவில் ஆற்று மணலும் கூழாங்கல்லும் மிக ஆழம் வரை இருந்ததால் இதைத் தேர்ந்தார்கள். 1974இல் நிரப்பியபின் விரிப்பில் நூற்றுக்கணக்கான குழிகள் விழுந்தன. படகுகளில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். பிற்பாடு சிந்து ஆற்றின் வண்டலே படிந்து கசிவைக் குறைத்தது. வண்டல் சுமக்கும் ஆறு என்றால் இந்த வழிக்கு இயற்கையே கூலி வாங்காத ஆள்.

என் தேர்வைச் சொல்லும் முன் ஒரு கேள்வி: கரை மலைக்குள் நிலத்தடி நீர்மட்டம் எங்கே இருக்கிறது? நல்ல மலையில் ஆற்றிலிருந்து உள்ளே போகப் போக அது உயர்ந்துகொண்டே போகும். தேக்கப்போகும் நீரைவிட அது உயரமாக இருந்தால், அந்த வழியே அணை நீர் ஒழுக இடமில்லை. நெடுந்தூரம் உள்ளே போயும் மட்டம் ஆற்றோடு படுத்தே கிடந்தால், மலைக்குள் எங்கோ வடிகால் ஓடுகிறது. சில கிணறுகளில் இரண்டு மழைக்காலம் அளந்தால் போதும், லட்சம் லூஜான் எண்கள் சொல்லாததை அது சொல்லிவிடும். அப்படிப்பட்ட மலையில், கருவி எட்டும் ஆழத்துக்குள் திடப்பாறை இருந்தால் நான் சுவரைத்தான் கேட்பேன். எட்டாவிட்டால் இடத்தையே மாற்றச் சொல்வேன். திட்டமிடும்போது அது இன்னும் கைக்கெட்டிய வழி.

சமனலவெவவில் கட்டி முடித்தபின் அந்த வழி இல்லை. 1998இல் படகுகளிலிருந்து களிமண் கொட்டிப் பார்த்தார்கள். கசிவு கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. விநாடிக்குச் சுமார் 2 கனமீட்டர் தொடர்ந்தது. அந்த நீர் மின் நிலையத்துக்குப் போகாமல் கீழே கல்தோட்டை வயல்களுக்குப் போகிறது.