2 லட்சம் அட்வான்ஸில் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்

வீடு விற்க அலைந்து சலித்துப்போனவர்கள் இதைப் படித்துவிட்டு அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடுங்கள். விற்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது என்பவர்களை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது. ஒன்றரை வருடம் அலைந்தவர்களைத்தான் முடியும். நாங்கள் அப்படி மாட்டியவர்கள்.

வீடு திருச்சி கருமண்டபத்தில். 4 சென்ட் மனை, கீழே வீடு, மாடியில் ஒரு அறையும் ஹாலும். அப்பா 1993இல் கட்டியது. 2021இல் அவர் போன பிறகு அம்மா தனியாக இருந்தார். நான் சென்னையில், அக்கா பெங்களூரில். அம்மாவே, "வித்துட்டு உங்ககூட வந்துடுறேன்பா" என்று சொன்னதால்தான் விற்க முடிவு செய்தோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டாவை எங்கள் மூன்று பேர் பெயருக்கு மாற்றியது எல்லாம் ஓரளவு சீக்கிரமே முடிந்தது. 2022 தையில் புரோக்கரிடம் சொன்னோம். பங்குனிக்குள் முடித்துவிடலாம் என்றார். எந்தப் பங்குனி என்று நாங்கள் கேட்கவில்லை.

முதலில் வந்தவர்களுக்கு வீடு ரொம்பப் பிடித்திருந்தது. 5,001 ரூபாய் டோக்கன்கூட கொடுத்தார்கள். அடுத்த வாரம் வாஸ்து பார்ப்பவரைக் கூட்டி வந்தார்கள். ஈசானிய மூலையில் கழிப்பறை இருக்கிறது என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முப்பது வருடம் அந்த வீட்டில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம் என்று அம்மா சொல்ல வாயெடுத்தார். அப்பா படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார். டோக்கனைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஆடி வந்தது. ஆடியில் யாரும் வீடு பார்க்கவே வரமாட்டார்கள். சும்மா இருப்பானேன் என்று இணையத்தில் விளம்பரம் போட்டேன். அன்று மாலையே ஒருவர் போன் செய்தார். ராணுவத்தில் இருக்கிறாராம், எல்லையில் பணியாம், போட்டோவைப் பார்த்ததும் பிடித்துவிட்டதாம், முன்பணம் உடனே அனுப்புகிறாராம். ஒரு க்யூஆர் கோடு வந்தது, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்றார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு என்று அக்கா மகள்தான் கேட்டாள். யுபிஐயில் பணம் வெளியே போவதற்குத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். தப்பித்தோம். இந்த மாதிரி ஆட்களுக்கெல்லாம் நான் ஏமாற மாட்டேன் என்று அப்போது ஒரு மமதை வந்தது. அது எதற்கும் உதவவில்லை.

அப்புறம் ஒரு நல்ல மனிதர் வந்தார், தனியார் பள்ளி ஆசிரியர். விலை 72 லட்சம் என்று பேசி முடித்தோம். வங்கிக் கடன் போட்டுத்தான் வாங்க முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வங்கிப் பொறியாளர் வந்து டேப் வைத்து அளந்தார். வரைபட அனுமதியைக் கேட்டார். எங்களிடம் இருந்தது கீழ்த்தளத்துக்கு மட்டும். மாடி 2004இல் அக்கா கல்யாணத்துக்காக அவசரமாக எழுப்பியது, அனுமதி வாங்கவில்லை. தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான், அதை வங்கியிடம் சொல்ல முடியுமா? மாடிக்கு மதிப்பே போடாமல் மொத்தத்தையும் 58 லட்சம் என்று எழுதிவிட்டார்கள். அந்த அளவுக் கடனில் வங்கி மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரும், அதாவது 46 லட்சத்துச் சொச்சம். ஆசிரியர் 57 லட்சத்தை நம்பியிருந்தார். இடையில் விழுந்த 11 லட்சத்துக்கு அவர் எங்கே போவார்? வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

2023 ஏப்ரலில் அரசு, பத்திரப் பதிவுக்குத் தான் வைக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பைப் பழையபடி 2012 அளவுக்கு உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தது. செலவு கூடுமா குறையுமா என்று புரியாமல், பேச்சில் இருந்த இரண்டு பேர் "கொஞ்ச நாள் பார்ப்போம் சார்" என்று ஒதுங்கினார்கள். இதற்கு நடுவே தெருவில் பேச்சு வேறு. இவ்வளவு நாள் விற்காமல் இருக்கிறதென்றால் அந்த வீட்டில் என்னமோ இருக்கிறது என்று. புரோக்கர் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். கட்டினோம், சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சனி இரவும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, ஞாயிறு யாருக்காவது வீட்டைக் காட்டிவிட்டு இரவே திரும்புவேன். அம்மா காலையிலேயே வீடு கழுவி, கோலம் போட்டு, பால் கூடுதலாக வாங்கி வைத்துக் காத்திருப்பார். வருபவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே சுவர் விரிசலைச் சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் போனதும், "என்னப்பா சொன்னாங்க?" என்பார். முதல் ஆறு மாதம் விவரமாகப் பதில் சொன்னேன். அப்புறம் "பார்ப்போம்மா" என்று மட்டும். அப்புறம் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் 2023 ஆவணியில் புரோக்கர் அந்தப் பார்ட்டியைக் கூட்டி வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. வாஸ்து பற்றி ஒரு வார்த்தை இல்லை, விரிசலைப் பார்க்கவில்லை, மாடி அனுமதியைச் சொன்னபோது "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்" என்றார். பேரமே பேசாமல் 72க்கு ஒப்புக்கொண்டார். இப்போது எழுதும்போது ஒவ்வொன்றும் எச்சரிக்கை மணியாகத் தெரிகிறது. அன்று சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது.

அட்வான்ஸ் 10 லட்சம் தருகிறேன், 8 ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் வருமான வரித்துறை அபராதமாகப் போடலாம் என்பது எனக்குத் தெரியும். மறுத்தேன். "அப்ப வெள்ளையில 2 தான் முடியும், மீதி கிரயத்தன்னிக்கு" என்றார். நேர்மையாக நடந்துகொண்ட பெருமையில், 72 லட்சம் வீட்டுக்கு 2 லட்சம் அட்வான்ஸ் என்பது 3 சதவீதம்கூட இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு வேண்டியதும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பத்திரம் எழுதியது அவர் கூட்டி வந்த ஆள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்று சட்டம் இருப்பதால், பதியலாம் என்றபோது அதிலும் சந்தேகம் வரவில்லை. அக்கா இரவு ரயிலில் வந்து இறங்கி, அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தாள். ராகு காலத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்றார்கள். ஏழு பக்கம். நான் விலையையும் பெயர்களையும் சர்வே எண்ணையும் மட்டும் சரிபார்த்தேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர் கேட்டும் அம்மா மூலப்பத்திரத்தை மட்டும் பீரோவை விட்டு வெளியே எடுக்கவில்லை. "ஜெராக்ஸ் போதும், காசு வந்தப்புறம் அசல்" என்றார். எங்கள் மூன்று பேரில் விவரமான ஆள் அவர்தான்.

நான் படிக்காமல் விட்டதில் மூன்று இடங்கள் முக்கியம். ஒன்று, காலக்கெடு 11 மாதம். இன்னொன்று, "தங்களுக்கோ அல்லது தாங்கள் சுட்டிக்காட்டும் நபருக்கோ" கிரயம் செய்து தருகிறோம் என்ற வரி. மூன்றாவதுதான் விஷம். சொத்து சம்பந்தமான எல்லா ஆவணங்களையும் அனுமதிகளையும் நாங்கள் சரிசெய்து தர வேண்டும், அதுவரை கெடு தானாக நீளும் என்று இருந்தது.

முதல் நாலு மாதத்தில் அவர் ஆறேழு முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேங்க்காரர்கள், இன்ஜினியர் என்றார். அம்மா ஒவ்வொரு முறையும் காபி போட்டுக் கொடுத்தார். ஒருநாள் வந்தவர்களில் ஒரு அம்மா சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "88 லட்சம் கொஞ்சம் ஜாஸ்திதான், இல்லீங்க?" என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறார். அன்று இரவு அம்மா போன் செய்தபோது எனக்கு முதலில் புரியவேயில்லை. இணையத்தில் தேடினேன். எங்கள் வீடு, எங்கள் வாசல் கோலத்தோடு, 88 லட்சம் என்று விற்பனைக்கு இருந்தது.

அதாவது அவர் வாங்க வந்தவரே இல்லை. 2 லட்சத்தைப் போட்டு வீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, கூடுதல் விலைக்கு ஆள் பிடித்து, நேரடியாக அந்த ஆள் பெயருக்கு எங்களையே கிரயம் பண்ண வைத்து, நடுவில் உள்ள 16 லட்சத்தை எடுத்துக்கொள்வது. ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. போனில் சத்தம் போட்டேன். "அக்ரிமென்ட்ல இருக்கே சார், படிச்சுப் பாருங்க" என்றார், அதே மெதுவான குரலில். ஆமாம், இருந்தது. புரோக்கர் அந்த வாரத்திலிருந்து போனை எடுப்பதில்லை.

2024 ஜூலையில் 11 மாதம் முடிந்தது. சரி, ஒழிந்தது என்று நினைத்தோம். நாங்கள் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே அவருடைய வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. மீதி 70 லட்சத்தோடு அவர் தயாராக இருக்கிறாராம், மாடிக்கு அனுமதி வாங்கித் தராததால் நாங்கள்தான் ஒப்பந்தத்தை மீறியவர்களாம், கெடு இன்னும் ஓடுகிறதாம். காவல் நிலையத்துக்குப் போனேன். சிவில் மேட்டர் என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் சொந்தமாக ஒரு வக்கீலைப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இது. ஒப்பந்தம் போட்டதால் மட்டும் வீடு அவருடையது ஆகிவிடாது. ஆனால் கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட, குறித்த நாளிலிருந்து மூன்று வருடம் அவருக்கு அவகாசம் உண்டு. எங்கள் ஒப்பந்தத்தில் குறித்த நாள் எது என்பதே தகராறு. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இப்படிப்பட்ட வழக்கில் விற்பவர் மறுக்க இடம் குறைந்துவிட்டது. ஆனால் உண்மையிலேயே பணத்தோடு தயாராக இருந்ததை நிரூபிக்க வேண்டியது அந்தப் பார்ட்டியின் பொறுப்பு, அதில் நாம் ஜெயிக்கலாம் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். அம்மாவுக்கு என்ன வயது என்று திருப்பிக் கேட்டார். 74.

ஐப்பசியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கடன் வேண்டாம், வாஸ்து வேண்டாம், மாடி அனுமதி பற்றியும் கவலையில்லை. இரண்டரை வருடமாக நாங்கள் காத்திருந்த ஆட்கள். அவர்கள் மகன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தார். அதற்குக் காசுகூட வேண்டாம், ஐந்து நிமிட வேலை. கிரய ஒப்பந்தம் ஒன்று நிலுவையில் இருந்தது. எழுந்துபோனார்கள். அன்றுதான் அக்கா அழுதாள்.

பதிந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டுமென்றால் இரண்டு தரப்பும் பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அந்தக் கையெழுத்துக்குத்தான் அவர் விலை வைத்திருந்தார். 6 லட்சம் கேட்டார், "ஓட்டச் செலவு" என்று அதற்குப் பெயர். எங்கிருந்தோ புரோக்கர் மறுபடி முளைத்துச் சமாதானம் பேசினார். பார்ட்டியின் 2 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து, மேலே 3 லட்சமும் கொடுத்தோம். 2025 தை முடிவதற்குள் ரத்துப் பத்திரம் பதிவானது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்ல ஆளா வந்தா சொல்றேன் சார்" என்று கை நீட்டினார். நான் கைகொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது யார் வந்தாலும் நான் கேட்கிற அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்குக் குறையாது. கெடு 90 நாள். மாடிக்கு அனுமதி இல்லை, இருப்பது இருக்கிறபடியே விற்கிறோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன். "சுட்டிக்காட்டும் நபர்" என்ற வரி இருந்தால் பேனாவை மூடிவிடுவேன். வாசகத்தை எங்கள் வக்கீல் எழுதுவார், வாங்குபவரின் ஆள் அல்ல. முழுப் பணத்தோடு வருபவர் என்றால் ஒப்பந்தமே வேண்டாம், நேராகக் கிரயம். பதிவு அலுவலகத் தெருவில் பத்திரம் எழுதுகிறவர்களிடம் பார்ட்டியின் பெயரைச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எங்கள் ஆளைப் பற்றி அந்தத் தெருவில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

வீடு இன்னும் விற்கவில்லை. வில்லங்கத்தில் ஒப்பந்தமும் ரத்தும் அடுத்தடுத்து இருக்கின்றன, பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள், நானும் ரத்துப் பத்திர நகலை எடுத்து நீட்டுகிறேன். போன ஞாயிறு மணப்பாறையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா கேட்டைப் பாதி திறந்து நின்றுகொண்டு, "வாங்குறது நீங்களா, இல்ல வேற ஆளுக்கா?" என்று கேட்டார். நாங்கதான்மா என்று அவர்கள் சொன்ன பிறகுதான் காபிக்குப் பால் வைக்கப் போனார்.