பைலேப்ரோபோட்: ரோபோ இல்லாமலே ஓட்டிப் பார்த்தது

ஆய்வுகூட ரோபோ ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே அதை ஓட்டப் பழக முடியுமா என்றால், பைலேப்ரோபோட் இருந்தால் பாதிக்கு மேல் முடியும். திரவத்தை உறிஞ்சி அளந்து ஊற்றும் ரோபோக்களுக்கான பைத்தன் நூலகம் இது, இலவசம், திறமூலம். ஹாமில்டன் ஸ்டார், டெக்கான் ஈவோ, ஓப்பன்ட்ரான்ஸ் ஓடி-2 என்று வெவ்வேறு கம்பெனி ரோபோக்கள் எல்லாவற்றுக்கும் உறிஞ்சு, ஊற்று என்று ஒரே கட்டளைதான். ஹாமில்டனின் சொந்த மென்பொருள் வீனஸுக்கு விண்டோஸ் வேண்டும். இதுவோ லினக்ஸ் போட்ட பழைய லெப்டொப்பிலும் ஓடுகிறது.

உள்ளே ஒரு பொய் ரோபோவும் உண்டு, கொடுத்த கட்டளையைத் திரையில் எழுதிக் காட்டும், அவ்வளவுதான். ஒருமுறை இறக்கிவிட்டால் அதற்கு டேட்டா தேவையில்லை, ஹட்டன் பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் படுகிற பாட்டுக்கு இது பெரிய விஷயம்.

நான் எழுதிப் பார்த்தது தேயிலையில் துவர்ப்பைத் தரும் பொலிபினோல் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை (தோட்டத்துக்காரருக்கு வேறென்ன தோன்றும்). ஐஎஸ்ஓ 14502-1 என்ற சர்வதேசத் தர முறைப்படி ஐதாக்கிய தேயிலைச் சாயத்தில், பொலிபினோல் பட்டால் நீலமாகும் ஃபோலின் கரைசலைச் சேர்த்து, 3 முதல் 8 நிமிடத்துக்குள் சோடியம் காபனேற்றை ஊற்றி, ஒரு மணிநேரம் வைத்து, 765 நனோமீற்றரில் அளக்க வேண்டும். அதே விகிதத்தில் குழிக்கு 20, 100, 80 மைக்ரோலீற்றர் என்று சுருக்கினால் 96 குழித் தட்டில் அடங்கிவிடுகிறது. டிப் (பிப்பெட் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனை) மாட்டாமல் உறிஞ்சச் சொன்னால் உடனே பிழை காட்டுகிறது, திரவ அளவுக் கண்காணிப்பைப் போட்டுவிட்டால் 20 இருக்கிற குழியில் 30 எடுக்கவும் விடாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

ஆனால் நேரம் அதற்குத் தெரியாது. ஒற்றைப் பிப்பெட்டால், குழிக்கொரு புது டிப் மாட்டி, 96 குழிக்கும் ஃபோலின் ஊற்றி முடித்துவிட்டு முதல் குழிக்குத் திரும்பினால் அந்த 8 நிமிடம் எப்போதோ போயிருக்கும், பொய் ரோபோவோ எல்லாவற்றையும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டுச் சும்மா நிற்கிறது. எட்டுப் பிப்பெட்டை வைத்து, தட்டின் எட்டுக் குழி வரிசை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத வேண்டும் என்பதை நாமேதான் யோசிக்க வேண்டும். சாயம் எடுப்பது 70 சதவீத மெதனோலில், அது டிப்பிலிருந்து சொட்டும் இயல்புள்ளது, கொஞ்சம் காற்றையும் சேர்த்து உறிஞ்சினால்தான் அடங்கும். திரையில் எந்தத் திரவமும் சொட்டாது.

அப்புறம் இந்த அவெய்ட் (await) என்ற பைத்தன் சொல். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அது வர வேண்டும், எழுதாமல் விட்டால் ரோபோ அசையாது, பைத்தன் ஒரு எச்சரிக்கை வரியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். புதிதாகப் பழகுபவர் இங்கேதான் மண்டையை உடைத்துக்கொள்வார், விளக்கக் குறிப்புகளும் ஆங்கிலத்தில்தான்.

பேராதனையில் விஞ்ஞானம் படிக்கிற, பைத்தன் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் தாராளமாக இறங்கலாம், நாளைக்கு எந்தக் கம்பெனி ரோபோ முன்னால் வந்தாலும் எழுதியதில் பெரும்பகுதி வீணாகாது. ஓடி-2 மட்டும்தான் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஓப்பன்ட்ரான்ஸின் சொந்தப் பைத்தன் நூலகமே போதும், அதையும் ரோபோ இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம், அவெய்ட் தொல்லையும் கிடையாது.