மேல்தாடையை விரிக்கும் கிளிப்புகள்: எங்கள் வீட்டு நான்கு வருட அனுபவம்

மகளுக்கு எட்டு வயது இருக்கும்போதுதான் கவனித்தேன். வாயை மூடினால் கீழ்த்தாடை லேசாக இடப்பக்கம் நகரும். கீழ்வரிசைக்கு வெளியே நிற்க வேண்டிய மேல் கடைவாய்ப் பற்கள் உள்ளே விழுந்திருந்தன. டாக்டர் அதைக் கிராஸ்பைட் என்றார். மேல்தாடை குறுகல், விரிக்க வேண்டும்.

முதலில் போட்டது கழற்றி மாட்டும் பிளேட். ரோஸ் நிற அக்ரிலிக், நடுவில் ஒரு ஸ்க்ரூ, பல்லைப் பிடிக்கக் கம்பிக் கொக்கிகள். வாரம் ஒரு முறை சாவியால் திருப்பினால் கால் மில்லிமீட்டர் விரியும். வலி கிடையாது, கழற்றித் தேய்த்துக் கழுவலாம். ஆனால் சாப்பாட்டு நேரம் போக நாள் முழுக்க வாயில் இருந்தால்தான் பலன். பள்ளியில் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துவிடுவாள். ஒரு முறை காய்ச்சலில் நான்கு நாள் மாட்டவில்லை, ஐந்தாம் நாள் பிளேட் ஏறவே இல்லை. ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் பற்கள் கொஞ்சம் வெளியே சாய்ந்திருந்தன, அவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதுப் பிள்ளையிடம் அத்தனை மணி நேரப் பொறுப்பை விட்டது பெரியவர்கள் தவறு.

அப்புறம் வேறு டாக்டரிடம் போய் ஹைராக்ஸ் போட்டோம். கடைவாய்ப் பற்களில் வளையம் போட்டு ஒட்டிவிடுவார்கள், அண்ணத்துக்குக் குறுக்கே ஸ்க்ரூ. இது பல்லை மட்டும் தள்ளுவதில்லை. மேல்தாடை இரண்டு பாதி எலும்புகள் சேர்ந்தது, சிறு வயதில் நடுவிலுள்ள இணைப்பு இன்னும் இறுகியிருக்காது. அந்த இணைப்பைத்தான் இது திறக்கிறது.

காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று 14 நாளில் 28 திருப்பு, மொத்தம் 7 மில்லிமீட்டர். திருப்புவது நம் வேலை. மடியில் தலையை வைத்து, அவள் அப்பா டார்ச் பிடிக்க, சாவியை முன்னிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த ஓட்டை தெரியும்வரை தள்ளாவிட்டால் மறுமுறை சாவி நுழையாது. எடுக்கும்போது கவனமில்லாமல் முன்னுக்கு இழுத்தால் திருப்பியது திரும்பிவிடும். சாவியில் கட்டாயம் நூல் கட்டுங்கள், நழுவினால் நேரே தொண்டைதான். திருப்பிய சில நிமிடம் மூக்குத் தண்டில் அழுத்தமாக இருக்கிறது என்பாள். ஒரு வேளை பாராசிட்டமாலோடு முதல் இரண்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வந்தது. பயந்துவிடாதீர்கள், எலும்பு திறந்ததற்கு அதுதான் அடையாளம். எங்களுக்கு நான்கே மாதத்தில் தானாகச் சேர்ந்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் பேச்சு. ட, ண, ழ எல்லாம் நாக்கு மேலே மடிந்து அண்ணத்தை நாடும் எழுத்துகள். அந்த இடத்தில் இரும்பு இருக்கிறது. "பாட்டி" என்று கூப்பிடவே திணறினாள், தமிழ் வகுப்பில் வாசிக்க மாட்டேன் என்று அழுதாள். தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்க வைத்தேன். மூன்றாவது வாரம் ட வந்துவிட்டது, ழ வர இன்னும் பத்து நாள். வகுப்பு ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டில் இட்லியும் தயிர்சாதமும் சிக்கல் இல்லை. கீரையும் தேங்காய்த் துருவலும் ஸ்க்ரூவுக்குள் போய் உட்காரும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சினால் வந்துவிடும். முறுக்கு, கடலை மிட்டாய் கூடாது.

நாத்தனார் மகனுக்குக் குவாட் ஹீலிக்ஸ். நான்கு சுருள் வைத்த கம்பி, சாவியே இல்லை, டாக்டர்தான் அவ்வப்போது முறுக்கேற்றுவார். வீட்டாருக்கு நிம்மதி, ஆனால் மெதுவான வேலை, பல் நகர்வுதான் அதிகம். அவனுக்குக் குறுகல் குறைவு, அதனால் போதுமானதாக இருந்தது. பதினாறு, பதினேழு வயதுக்கு மேல் இணைப்பு இறுகிவிடுவதால், அண்ணத்து எலும்பிலேயே சிறு ஸ்க்ரூக்கள் பதித்து விரிக்கும் முறையைச் சொல்கிறார்கள், சிலருக்கு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். ஆகவே எட்டு, பத்து வயதிலேயே காட்டிவிடுங்கள்.

திருப்பி முடிந்ததும் கழற்றச் சொல்லி அவசரப்படாதீர்கள். திறந்த இடத்தில் எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். எங்களுக்கு ஆறு மாதம் அப்படியே விட்டு, பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை இரவில் மாட்டக் கொடுத்தார்கள். இப்போது பன்னிரண்டு வயது. வாயை மூடினால் தாடை நகர்வதில்லை. வலது கடைசிப் பல் மட்டும் விளிம்போடு விளிம்பாக முட்டுகிறது, அதை வரும் வருடம் பிரேஸ் போடும்போது சரிசெய்வார்கள்.