யார் பக்கம் யார் என்று கணக்கெடுக்க: நாலு கட்டமா, கேரம் காயா, செக்ரோல் புத்தகமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். இருபத்தாறு வருஷம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நின்று செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தில் பெயர் போட்டே காலம் தள்ளியவன். ஒரு கோரிக்கையில் யார் பக்கம் யார் என்று கணக்கெடுக்கும் இந்த மூன்று முறைகளில் எனக்கு எது பிடிக்கும் என்பதைத் தலைப்பைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், பேச்சில் யாரும் மாற்றவில்லை. சுற்றிலும் செம்பனை. தோட்டத்திலேயே பிறந்து, பால்மரம் சீவி, பிறகு குலை வெட்டி ஓய்வு பெறுகிறவர், அந்த மாதமே தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வரும். 446-ஆம் சட்டம் வேலையில் இருக்கிறவரின் இருப்பிடத்தைப் பற்றியது, வேலை முடிந்தவரைப் பற்றியது அல்ல. அதனால் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தோம்: தோட்ட நிலத்தை வீடமைப்புக்கோ தொழிற்சாலைக்கோ மாற்ற அனுமதி கேட்கும்போது, அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்குக் குறைந்த விலையில் வீடு கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு நிபந்தனை போடட்டும்.

நியாயமான கோரிக்கைதான். ஆனால் நடக்குமா? அதைக் கணக்குப் போட ஒரு வழிமுறை இருக்கிறது. ஒரு கொள்கை மாற்றத்தில் யார் யாருக்குச் சம்பந்தம், யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், யார் தடுக்க முடியும், யார் தள்ளிவிட முடியும் என்று உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது. இதைத் தமிழில் 'பங்குதாரர் பகுப்பாய்வு' என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் பங்குதாரர் என்றால் கூட்டுறவுச் சங்க ஷேர் ஞாபகம்தான் வரும். நாங்கள் 'சம்பந்தப்பட்டவர்கள்' என்றே வைத்துக்கொண்டோம். இதை மூன்று விதமாகச் செய்து பார்த்தோம்.

முதலாவது நாலு கட்டம். பிசினஸ் படித்த எல்லோருக்கும் தெரியும், மெண்டலோ என்பவர் பெயரில் வழங்குவது. ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் அக்கறை, நாலு சதுரம், ஒவ்வொருவரையும் ஒன்றில் போட வேண்டியது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கூட்டத்தில் தூங்குகிறவர்கூடப் புரிந்துகொள்வார். அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. ஒரே ஒரு பெரிய குறை: ஒருவருக்கு அக்கறை அதிகம் என்று கட்டம் சொல்லும், அந்த அக்கறை நம் பக்கமா எதிர்ப்பக்கமா என்று சொல்லாது. தோட்டக் கம்பெனிக்கும் அக்கறை அதிகம், ஓய்வு பெற்ற அக்காவுக்கும் அக்கறை அதிகம்!

இன்னொன்று, அதிகாரம் குறைந்தவர் என்று ஒருவரை மூலையில் போட்டுவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே பார்க்கத் தோன்றாது. 1950-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுக் கிளம்பியபோது நிலம் துண்டு துண்டாகப் போய்த் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் யாராவது இந்தக் கட்டத்தைப் போட்டிருந்தால் தொழிலாளியை எந்தச் சதுரத்தில் வைத்திருப்பார்கள்? 1960-ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். சம்பளத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டியவர்கள் சேர்ந்து கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். மூலையில் கிடந்தவர்கள் முதலாளி பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாவது நெட்-மேப். இதைக் கொண்டுவந்தது என் அண்ணன் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். "சித்தப்பா, உங்க ஊர்ல யார் யாருக்குப் போன் பண்ணுறாங்கங்கறதுதான் முக்கியம், பதவி இல்ல" என்றாள். ஏவா ஷிஃபர் என்ற பெண்மணி கானாவில் ஆற்று நீர் நிர்வாகத்தை ஆராய்ந்தபோது உருவாக்கிய முறையாம். கோயில் மண்டபத்தில் பெரிய மாஜோங் பேப்பரை விரித்து, ஆட்கள் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி, யாரிடமிருந்து யாருக்குப் பணம் போகிறது, உத்தரவு போகிறது, தகவல் போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் அம்புக்குறி போட வேண்டும். பிறகு இந்த விஷயத்தில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதற்குக் காய்களைக் கோபுரமாக அடுக்க வேண்டும். எங்களிடம் இருந்தது இளைஞர் மன்றத்துக் கேரம் காய்கள்.

அன்றைக்கு நடந்தது உண்மையிலேயே நல்ல கூத்து. நிலம் மாநில அரசின் கையில் இருப்பது, கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையிலேயே அப்படித்தான் இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின் கீழ் நில வகையை மாற்ற அனுமதிப்பதும் நிபந்தனை போடுவதும் மாநிலம்தான். ஆனால் அம்புக்குறி போட ஆரம்பித்ததும் பாதிப் பேர் கூட்டரசு அரசாங்கம் இருக்கிற புத்ராஜெயாவில் மனிதவள அமைச்சர் பக்கம் கோடு இழுத்தார்கள். காலம் காலமாக மனு கொடுத்துப் பழகிய கை. அந்தக் கோடுகளை அழித்துவிட்டு மாநில முதல்வரான மந்திரி புசார், அவருடைய ஆட்சிக்குழு, மாவட்ட நில அலுவலகம் என்று திருப்பிப் போடவே ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைத்த தெளிவு, இரண்டு வருஷம் மனு எழுதியதில் கிடைக்கவில்லை.

அடுத்து காய் அடுக்கும் வேலை. கம்பெனிக்கு எட்டு, சட்டமன்ற உறுப்பினருக்கு ஐந்து, கோயில் கமிட்டிக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றவர்கள் என்ற சீட்டுக்கு யாரும் ஒன்றுமே வைக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் அக்கா எழுந்து வந்து, "ஏன் தம்பி, நாங்க காலி பண்ணாம வீட்டுலயே உட்கார்ந்தா அவங்க நிலத்த எப்படி மாத்துவாங்க? ரெண்டு காய் வைங்க" என்றார். வைத்தோம். அப்புறம் மூன்றாக்கினோம்.

இவ்வளவு நன்றாக இருந்த முறையை ஏன் விட்டேன் என்றால், மூன்று மாதம் கழித்து அந்தப் பேப்பரை விரித்துப் பார்த்ததால்தான். தோட்ட மேனேஜர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டார். எல்லா அம்பும் போய்ச் சேர்ந்த ஓர் அதிகாரியும் அந்த நாற்காலியில் இல்லை. பேப்பரில் ஒரு சீட்டைப் பிய்த்தால் ஒன்பது கோடுகள் அந்தரத்தில் தொங்குகின்றன. திருத்த வேண்டுமானால் மறுபடி எல்லோரையும் நாலு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களை ஒரு தடவை கூட்டியதே பெரிய காரியம். பயிற்சி உள்ள ஆள் நடத்தியிருந்தால் இது வேறு மாதிரி போயிருக்கலாம், நாங்கள் செய்தது ஒரே ஒரு தடவைதான், அதனால் இந்த முறையை நான் ரொம்பக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் இந்தப் பராமரிப்புச் சங்கதிதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அரசியலில் ஆள் மாறும் வேகம் அப்படி. மனிதவள அமைச்சரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2018-ல் குலசேகரன், 2020-ல் சரவணன், 2022 டிசம்பரில் சிவகுமார், 2023 டிசம்பரில் ஸ்டீவன் சிம். ஆறு வருஷத்துக்குள் நான்கு பேர். அதே காலத்தில் சிலாங்கூரில் 2023 ஆகஸ்டில் மாநிலத் தேர்தலும் நடந்து ஆட்சிக்குழு புதிதாக அமைந்தது. தேர்தலுக்கு முந்தைய மாதம் போட்ட படத்தை வைத்துக்கொண்டு பிந்தைய மாதம் கதவைத் தட்டினால் திறப்பவர் வேறு ஆள்.

சரி, மூன்றாவதுக்கு வருகிறேன். வர்வசோவ்ஸ்கி, ப்ருகா என்ற இருவர் 2000-ல் பொதுச் சுகாதாரக் கொள்கைக்காக எழுதிய வழிகாட்டிக் கட்டுரையில் ஒரு சாதாரண அட்டவணை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. இந்த விஷயத்தில் என்ன தொடர்பு, எவ்வளவு அக்கறை, எவ்வளவு செல்வாக்கு, எந்த நிலையில் இருக்கிறார், இது நடந்தால் அவருக்கு என்ன பாதிப்பு, அவ்வளவுதான் பத்திகள். பார்த்தவுடன் எனக்குச் செக்ரோல் ஞாபகம் வந்துவிட்டது. பெயர் ஒரு பக்கம், நாள் ஒரு பக்கம், வந்தானா வரவில்லையா. நீள நோட்டு ஒன்று வாங்கி நானே கோடு போட்டேன். அவர்கள் சொன்ன பத்திகளோடு நானாக இரண்டு சேர்த்தேன்: 'எந்தத் தேதியில் தெரிந்தது', 'எப்படித் தெரியும்'. அவரே நேரில் சொன்னது என்றால் பேனா. காப்பிக்கடையில் காதில் விழுந்தது என்றால் பென்சில். ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன், ஆட்சிக்குழு பற்றி எங்களுக்குத் தெரிந்தது எல்லாமே பென்சில்!

பத்திகளில் எனக்கு அதிகம் உதவியது 'நிலை'. இதில் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இன்னும் அசையாதவர்கள். விஷயம் அவர்களைத் தொடும், ஆனால் இன்னும் வாய் திறக்கவில்லை. ஜிஎஸ்டியை நினைத்துப் பாருங்கள். மசோதா 2009-லேயே நாடாளுமன்றத்துக்கு வந்து, தள்ளிப்போடப்பட்டு, கடைசியில் 2015 ஏப்ரல் 1-ல் 6 விழுக்காடு என்று அமலுக்கு வந்தது. வியாபாரச் சங்கங்கள், கணக்காளர்கள், அதிகாரிகள் எல்லோரும் மேசையில் இருந்தார்கள். சந்தையில் மீன் வாங்குகிற ஆள் அசையாதவர் வரிசையில் இருந்தார். 2018 மே மாதம் ஓட்டுப் பெட்டியில் அவர் அசைந்தார், ஜூன் 1-ல் வரி பூஜ்யமாகிவிட்டது. ஆட்சி மாறியதற்கு வேறு காரணங்களும் உண்டு, அதை மறுக்கவில்லை.

எங்கள் நோட்டில் இந்த வரிசையில் இருப்பவர்கள் யார் என்றால், புது தாமான் என்கிற குடியிருப்பில் வீடு வாங்கப் போகிற வெளியூர்க்காரர்கள், பக்கத்துக் கம்போங் மக்கள், பிறகு இன்றைக்குத் தோட்டத்தில் உண்மையில் வேலை செய்கிற இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். கடைசியாகச் சொன்னவர்களுக்கு ஓட்டு இல்லை, ஓய்வுக்கால வீடும் இல்லை, பெர்மிட் முடிந்தால் ஊருக்குப் போக வேண்டும். அவர்களுக்கு ஒரு வரி போடலாமா வேண்டாமா என்று கமிட்டியில் சண்டையே வந்தது. போட்டோம். செல்வாக்குப் பத்தியில் என்ன எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, காலியாகத்தான் இருக்கிறது.

வரி வரியாக எழுதும்போது இன்னொன்றும் உடைந்தது. 'கம்பெனி' என்று ஒரே ஆளாக நினைத்திருந்தோம். எழுத உட்கார்ந்தால் தோட்ட மேனேஜர் ஒரு வரி, தலைமையகத்தின் நிலப் பிரிவு ஒரு வரி, பங்கு வைத்திருப்பவர்கள் ஒரு வரி. மேனேஜருக்கு எங்கள் மேல் விரோதம் இல்லை, வீடு கொடுத்துவிட்டால் அவருக்கு ஒரு தலைவலி போகும். நிலப் பிரிவுக்குத்தான் ஏக்கர் கணக்கு. பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் நாட்டின் பெரிய தோட்டக் கம்பெனியான எஸ்டி கத்ரியில் பிஎன்பி என்ற அரசு முதலீட்டு நிறுவனமும் ஊழியர் சேமநிதி வாரியமும் முக்கியப் பங்குதாரர்கள். சேமநிதி யார் பணம்? நம் பணம். லயத்து வீட்டில் இருக்கிறவரின் இபிஎஃப் எங்கே முதலீடாகியிருக்கிறது என்று கேட்டுச் சேமநிதி வாரியத்துக்கு ஒரு கடிதம் போட்டோம். இந்த யோசனை கட்டத்திலும் வரவில்லை, கேரம் காயிலும் வரவில்லை.

நோட்டைத் திருத்த எனக்கு ஆகிற நேரம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம். மேனேஜர் மாறினால் ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்த வரி. பழைய வரியும் அங்கேயே இருக்கும், போன வருஷம் எதிர்ப்பு என்று இருந்தவர் எந்த மாதத்தில் அசையாதவர் ஆனார் என்று திருப்பிப் பார்க்கலாம்.

இதற்கும் கெட்ட பக்கம் உண்டு, மறைக்கக் கூடாது. ஒரு நாள் நோட்டைக் காப்பிக்கடை மேசையில் மறந்து வைத்துவிட்டேன். திரும்பப் போய் எடுப்பதற்குள் ஒருவர் தன் பெயருக்கு நேரே 'எதிர்ப்பு, பென்சில்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டார். சின்ன ஊர். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை, அதற்குப் பிறகு நேரில் வந்து தான் ஏன் எதிர்க்கிறேன் என்று அரை மணி நேரம் விளக்கினார். அந்த வரியைப் பேனாவில் மாற்றி எழுதிக்கொண்டேன். இப்போது பெயருக்குப் பதில் எண் போட்டு, எண்ணுக்கான பட்டியலை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

யார் யாரோடு சேர்ந்து நடக்கிறார்கள் என்பதை அட்டவணை காட்டாது, அதில் நெட்-மேப்தான் கெட்டிக்காரத்தனம். அந்த மாஜோங் பேப்பரை நான் தூக்கிப் போடவில்லை, அதிலிருந்த அம்புகளை 'யார் சொன்னால் கேட்பார்' என்று நோட்டில் இன்னொரு பத்தியாக இறக்கிவிட்டேன். ஒரே ஒரு கூட்டம்தான் நடத்த முடியும் என்ற நிலையில் இருக்கிறவர்கள் முதலில் கேரம் காயோடு உட்காரட்டும், மறுநாளே ஒருவர் அதை நோட்டில் எழுதிவிடட்டும். நாடு தழுவிய பெரிய சீர்திருத்தத்துக்கு ஒரு நோட்டு போதுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, எங்கள் நோட்டில் மொத்தமே முப்பத்துச் சொச்சம் வரிகள்.

எங்கள் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அண்ணன் மகள் இதையெல்லாம் போனில் கூகல் ஷீட்டாகப் போடலாமே சித்தப்பா என்கிறாள். போடலாம்தான், அதில் பென்சிலுக்கு என்ன செய்வது என்று கேட்டேன், சாம்பல் நிறம் என்றாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.