ஆறு குளிர்காலமும் ஒரு லொடலொடப்பும்

ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய இடைக்கால நகல் வாள் இப்போது மூன்றில் ஒரு பங்கு விலை குறைந்து விற்பனைக்கு வந்திருப்பதாகவும், அதை வாங்கலாமா என்றும் கேட்டு நண்பர் ஒருவர் கடந்த வாரம் எழுதியிருந்தார். அவருடைய கேள்வி வந்த மாலையில், நான் அதே வாளை மேசைமீது கிடத்தி, அதன் குறுக்குக்காப்பின் (பிடிக்கும் அலகுக்கும் இடையே குறுக்காக நிற்கும் இரும்பின்) ஆட்டத்தை நிறுத்த, இடுக்கில் நான்காவது முறையாகப் பித்தளைத் தகடு செருகிக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். இந்தக் கட்டுரையில் எரிச்சல் சற்று மிகுந்து தெரிந்தால் அதற்குக் காரணம் அதுதான்.

அளவுகளை விற்பவர்களே விரிவாகப் போட்டிருக்கிறார்கள். இது ஓக்‌ஷாட் வகைப்பாட்டில் 14-ஆம் வகை. ஏறத்தாழ 1275 முதல் 1340 வரை ஐரோப்பாவில் புழங்கிய, அடியில் அகன்று நுனி நோக்கிக் குறுகிச் செல்லும் ஒருகை வாள். யுவர்ட் ஓக்‌ஷாட் என்னும் வாள் ஆய்வாளர் 1960-இல் வெளியிட்ட, இடைக்கால வாட்களை வடிவப்படி பிரிக்கும் இந்த வகைப்பாடு பத்தில் தொடங்குவது புதிதாக வருபவர்களைக் குழப்பும். ஒன்று முதல் ஏழு வரையிலான எண்கள், வைக்கிங் வாட்களின் கைப்பிடிகளுக்கு 1927-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இட்டவை. எட்டும் ஒன்பதும் இரண்டு காலங்களையும் இணைக்க ஓக்‌ஷாட் சேர்த்தவை. 1945-இல் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த அதே வீலர்தான் இவர் என்று தெரிந்த நாளில், லண்டனில் உட்கார்ந்துகொண்டு இந்த வாட்களோடு மல்லுக்கட்டுவதற்கு ஏதோ உரிமை கிடைத்துவிட்டதுபோல் ஓர் அற்ப மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

குறை சொல்ல முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். நகல் வாட்களில் பல, கையில் எடுத்ததும் இரும்புப் பட்டையைத் தூக்கியதுபோல் தோன்றுவதற்கு எடை மட்டுமே காரணம் அன்று. அலகின் தடிமன் அடியிலிருந்து நுனிவரை குறையாமல் இருப்பதும் காரணம். பழைய வாட்களில் அகலம் குறைவது கண்ணுக்குத் தெரியும், தடிமன் குறைவது எளிதில் தெரியாது; ஆனால் வீசிய வாள் நினைத்த இடத்தில் நிற்பதற்கு இந்த இரண்டாவதே பெரிதும் துணைசெய்கிறது. என்னுடைய வாளில் குறுக்குக்காப்பின் அருகே 6 மில்லிமீட்டராக இருக்கும் தடிமன், நுனிக்கு ஒரு சாண் முன்பாக 2.5 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. காலிப்பர் வைத்து நானே அளந்தேன். மொத்த எடை 1,150 கிராம். சமநிலைப் புள்ளி குறுக்குக்காப்பிலிருந்து 11 சென்டிமீட்டர். இதைப்போல் இரு மடங்கு விலை கொடுத்து நான் வாங்கிய இருகை வாள் இந்த ஒரு விஷயத்தில் இதன் பக்கத்தில் வராது.

பிடிதான் வந்த நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக்கோ என்று ஐயப்பட வைக்கும் பளபளப்பில் கறுப்புத் தோல். தடிமனோ மண்வெட்டிப் பிடியின் அளவு. லண்டன் வாலஸ் தொகுப்பு, லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ் ஆகிய அருங்காட்சியகங்களில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடைக்கால வாட்கள் பலவற்றுக்குப் பிடியே இல்லை. மரமும் தோலும் மண்ணிலும் ஆற்றுச் சேற்றிலும் மட்கிப்போக, பிடிக்குள் நுழையும் அலகின் காம்பு மட்டும் வெறுமையாக நிற்கும். கல்லறைச் சிற்பங்களையும் ஏட்டு ஓவியங்களையும் தப்பிப் பிழைத்த சில பிடிகளையும் பார்த்துத்தான் மற்றவற்றை ஊகிக்க வேண்டியிருப்பதால், கைவைத்துப் பழக விரும்புகிறவனுக்கு வாளில் பிடியைவிடத் துணிந்து இறங்கக்கூடிய இடம் வேறில்லை.

நான் தோலைக் கீறி எடுத்துவிட்டு, உள்மரத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் நீள்வட்டமாக இழைத்து, மரப்பசை தடவிய பருத்தி நூலை இடைவெளியின்றி நெருக்கிச் சுற்றினேன். அது காய்ந்த பிறகு, ஓரங்களைக் கத்தியால் மெலிதாகச் சீவிய வெள்ளாட்டுத் தோலை நனைத்து, பசையிட்டு, கூட்டு ஒரு பக்கமாக வரும்படி போர்த்தி, அதன்மேல் தடித்த கயிற்றை இறுக்கமாகச் சுற்றி ஓர் இரவு விட்டுவைத்தேன். காலையில் கயிற்றை அவிழ்த்தபோது அதன் தடம் தோலில் வரிவரியாகப் பதிந்திருந்தது. அந்த வரிகள் அழகுக்காக மட்டும் அல்ல, வியர்த்த கை வழுக்காமல் இருக்கவும் உதவுகின்றன. மூன்று வார இறுதிகள் போயின. இந்த ஆறு ஆண்டுகளில் இந்த வாள் எனக்குத் தந்த மிகப் பெரிய நிறைவு, அதைச் செய்தவர்கள் செய்யாமல் விட்ட இந்த ஒரு சாண் தோலில்தான் இருக்கிறது.

இனி அந்த லொடலொடப்பு. முதல் குளிர்காலத்திலேயே, பிடியின் கடைசியில் உள்ள குமிழை உள்ளங்கையால் தட்டினால் குறுக்குக்காப்பு 'டிக்' என்று ஒலிக்கத் தொடங்கியது. ஆட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். அதனால் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு வீச்சிலும் அது மட்டுமே கேட்கும். வீட்டைச் சூடாக்கும் உலர்ந்த காற்றில் பிடியின் மரம் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். வாளைச் செய்த பட்டறைக்காரர்களும் அதையே எழுதி அனுப்பினார்கள். மரம் குறுக்குவாட்டில் கணிசமாகச் சுருங்கும் என்பது உண்மையே. நார் ஓடும் திசையில், பச்சை மரம் முழுவதும் காய்ந்தாலும், சுருக்கம் பொதுவாக நூற்றில் 0.1 முதல் 0.2 பங்குதான். பத்து சென்டிமீட்டர் பிடியில் அது 0.2 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஏற்கெனவே காய்ந்த மரத்தில் அதுகூட வராது. ஆகவே குற்றம் குளிர்காலத்தினுடையது அன்று. குறுக்குக்காப்பின் துளை, அலகு காம்பாகக் குறுகும் இடமான தோளைவிடப் பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது. காப்பைப் பிடித்து நிறுத்துவது பின்னாலிருந்து அழுத்தும் மரம் ஒன்றே.

இதைச் சரிசெய்வது எளிதாக இருந்திருக்க வேண்டும். காம்பின் முனையில் மரை வெட்டி நட்டால் முடுக்கிய வாட்களை, நகல் வாள் வைத்திருக்கும் நாங்கள் எல்லோரும் ஏளனமாகப் பார்ப்போம். முனையைக் குமிழின் தலையில் சுத்தியலால் அடித்துப் பரப்பி இறுக்குவதே மரபு என்று மார்தட்டுவோம். என் வாள் மரபுப்படி செய்யப்பட்டது. அதனால், நட்டு வைத்த வாளில் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு, நான் அலகை மரக்கட்டைகளுக்கிடையே வைஸில் பிடித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஒரு மாலை முழுவதும் தட்டிக்கொண்டிருந்தேன். வாள் நான்கு மாதம் அமைதியாக இருந்தது, பிறகு மீண்டும் 'டிக்'. ஒவ்வொரு தட்டலிலும் பிடியின் இரு முனைகளிலும் உள்ள மென்மரம் நசுங்கிக் குறைகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

இங்கே நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பிடியை மெலிதாக்கும் ஆசையில் நான் அதன் முனைகளையும் சேர்த்தே இழைத்துவிட்டேன். காப்பைத் தாங்கும் மரத்தின் பரப்பு அதனால் குறைந்தது. குறைந்த பரப்பில் அதே விசை விழும்போது மரம் விரைவாக நசுங்கும். லொடலொடப்பு எனக்கு முன்பே இருந்தது, அதைத் தீராத நோயாக்கியது என் அரம். பட்டறைக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பிடியை மாற்றியவர்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று மட்டும் எழுதி முடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தாலும், அளவு தவறிய துளையை வெட்டியது நான் அல்ல.

துருவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கார்பன் எஃகு, லண்டன் ஈரம்; தொட்ட விரலின் தடம் இரண்டு நாளில் பழுப்பாகும். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகை மெலிதாகப் பூசி, தோலுறைக்குள் நீண்ட நாள் வைக்காமல் இருந்தால் போதும். கூடவே வந்த உறையை நான் இரண்டாம் ஆண்டே தூக்கிப் போட்டுவிட்டேன்.

குறைந்திருக்கும் இந்த விலையில், இந்த அலகுக்கு ஈடான ஒன்று எனக்குத் தெரிந்து சந்தையில் இல்லை. ஆயினும் வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதியிருக்கிறேன். மாதக்கணக்கில் பேசாதிருந்துவிட்டு, இனி தொல்லை இல்லை என்று நம்பிய நாளில் மீண்டும் 'டிக்' என்னும் பொருளோடு வாழும் பொறுமை அவருக்கு இல்லை. வாங்கியே தீர்வது என்று முடிவெடுத்தால், பெட்டியைத் திறந்தவுடன் பிடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, குமிழை மறு உள்ளங்கையால் நான்கைந்து முறை தட்டிக் காது கொடுத்துக் கேட்கட்டும். ஒலித்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்த அசிங்கமான கறுப்புத் தோலில் அதுவரை ஒரு கீறல்கூட விழக்கூடாது.