4ஜி என்று அச்சிட்ட மோடமை நம்பி 40 கருவிகளை முடக்கிக்கொண்டேன்

தொலைவிலுள்ள தொட்டிகளின் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் 40 கருவிகளுக்காக, பெட்டியில் "4ஜி ஐஓடி மோடம்" (ஐஓடி என்றால் இணையத்தில் இணையும் கருவிகள்) என்று அச்சிட்டிருந்ததை நம்பி ஒரு விற்பனையாளரிடம் மோடம்களை வாங்கினேன். ஓராண்டு ஒழுங்காக ஓடியவை, பிறகு ஒரே வாரத்தில் அத்தனையும் தரவு அனுப்புவதை நிறுத்திவிட்டன.

சிம்மில்தான் பழுது என்றார் விற்பனையாளர். அதே சிம்மைக் கைப்பேசியில் போட்டதும் இணையம் வந்தது. ஆன்டெனாவை மாற்றச் சொன்னார். அதையும் செய்து பார்த்தேன். கடைசியில் மோடமின் தொழில்நுட்ப ஆவணத்தை வரி வரியாகப் படித்தபோதுதான், அது கேட்-எம்1, என்பி-ஐஓடி (இரண்டும் சிறு கருவிகளுக்கான, குறைந்த மின்சாரத்தில் ஓடும் இணைப்பு முறைகள்), 2ஜி ஆகிய மூன்றில் மட்டுமே இயங்கும் என்பது தெரிந்தது. முதலிரண்டும் 2016-இல், கைப்பேசி வலையமைப்புத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 13-ஆம் வெளியீட்டில் எல்டிஇ (4ஜியின் தொழில்நுட்பம்) குடும்பத்தில் சேர்ந்தவை என்பதால் 4ஜி என்ற சொல்லுக்கு அவர் சாக்குச் சொல்ல முடிகிறது. ஆனால் சேவை நிறுவனம் தன் கோபுரங்களில் அவற்றைத் தனியாக இயக்கி வைத்திருந்தால்தான் அவை இணையுமே தவிர, கைப்பேசிக்குக் கிடைக்கும் வழக்கமான 4ஜியில் இணையா. எங்கள் சேவை நிறுவனம் இரண்டையும் இயக்கவில்லை. ஆகவே கருவிகள் முதல் நாளிலிருந்தே 2ஜியில்தான் ஓடியிருக்கின்றன. 2ஜி நிறுத்தப்பட்டதும் ஓய்ந்துவிட்டன.

அறிகுறி முன்பே இருந்தது. சோதனை மேசையில் கருவி தரவு அனுப்பும்போதெல்லாம் பக்கத்து ஒலிபெருக்கி "டிர்ர், டிர்ர்" என்று இரைந்தது. 2ஜி மோடம் நொடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக அலையை வெளியிடும்; ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான். ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் 2 ஆம்பியர் வரை எகிறக்கூடும். பேட்டரி எங்கள் கணக்கைவிட விரைவில் தீர்ந்ததற்கும் அதுவே காரணம். அப்போதே கேட்டேன், ஒலிபெருக்கி மட்டமானது என்று சொல்லி விற்பனையாளர் என் வாயை அடைத்துவிட்டார்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரேயொரு மோடமை வாங்கி, கருவியை நிறுவப்போகும் இடத்திலேயே மோடம் எந்த வலையமைப்பில் இணைந்திருக்கிறது என்று கேட்கும் "ஏடி+சிஓபிஎஸ்?" (AT+COPS?) என்ற கட்டளையை அனுப்பிப் பாருங்கள். விடையின் கடைசி எண் 7 என்றால் எல்டிஇ, 9 என்றால் என்பி-ஐஓடி, 0 என்றால் 2ஜி. சிக்னல் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்; எங்களுக்கு 31-க்கு 22 காட்டியது, ஆனால் அது 2ஜியின் சிக்னல். வழக்கமான 4ஜியே போதுமென்றால் அதில் இணையும் வகையான கேட்-1 மோடமைக் கேளுங்கள்; அதிலும் உங்கள் சேவை நிறுவனத்தின் அலைவரிசைப் பட்டைகள் ஆவணத்தில் இருக்கின்றனவா என்று எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள்.

பணத்தைத் திருப்பித் தர விற்பனையாளர் மறுத்துவிட்டார். தொட்டி தொட்டியாக ஏறி மோடம்களை மாற்றிக்கொண்டிருக்கிறோம். இன்னும் 26 பாக்கி. அதே பெட்டி, அதே எழுத்துடன் இன்றும் விற்பனையில் இருக்கிறது.